இடது பின்மூலை

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் அண்ணே, முதுகுக்குப் பின்னால் காதுக்காரர். அந்தப் பட்டம் அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சுகம் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். முப்பத்து மூன்று வருடமாக அங்கே அவருக்கு ஒரே வேலை. பழுது பார்த்து முடித்த வண்டியை ஓடவிட்டு, கை நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையை இன்ஜின் மேல் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழை இடது காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்துத் தலையை மேலும் கீழும் அசைத்தால் பதிவேட்டில் கையெழுத்து விழும், வண்டி ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும். பக்கவாட்டில் அசைத்தால் வண்டி மறுபடியும் பட்டறைக்குள் போகும்.

"வலது காது மனுஷங்களுக்கு, இடது காது இன்ஜினுக்கு" என்று அவரே பாகம் பிரித்து வைத்திருந்தார். மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசி கேட்கத் தகுதியில்லாதது என்பது அவருடைய தீர்மானம். அதனால் நல்ல காதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, மட்டமானதை மனைவிக்கும் மேனேஜருக்கும் ஒதுக்கியிருந்தார். தலைமை அலுவலகம் ஒருமுறை இன்ஜின் சத்தத்தை அளக்க முள் வைத்த கருவி ஒன்றை அனுப்பியது. "முள்ளு பொய் சொல்லும், காது சொல்லாது" என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி எங்கே என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சரி, ஒரே ஒரு சங்கடம்தான். அந்த இடது காது போய் மூன்று வருடம் ஆகிறது. முழுக்கப் போகவில்லை, தடதடவென்று அடித்தால் கேட்கும். பேரிங் தேயும்போது வரும் மெல்லிய கீச்சொலி, வால்வு கசியும் சீறல், இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் போய்விட்டது. முப்பது வருடம் ஓடுகிற இன்ஜினில் ஒரே காதைக் கொண்டுபோய் வைத்தால் வேறென்ன நடக்கும்? கம்பியைப் பிடித்த கையின் பழக்கம் முக்கால்வாசி வேலையைப் பார்த்துக்கொண்டது. மிச்சத்தில்தான் ஐம்பது பேரின் உயிர் இருந்தது. இந்தச் சமாச்சாரம் பணிமனையில் எல்லோருக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாத ஆள் ஒருவர்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஆளுக்கு ஆள் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மரியாதை.

மாடித் தொட்டி கசிந்து பரணில் ஈரம் இறங்கியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஓட்டைப் பக்கெட், கால் உடைந்த தொட்டில், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து எல்லாம் இறங்கிய பிறகு, பழைய போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை மட்டும் மூலையில் இருந்தது. இழுத்தால் வரவில்லை. மருமகன் ஏணியில் ஏறி, "உள்ள என்ன மாமா, அம்மிக்கல்லா?" என்றான். இரண்டு பேராகச் சேர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறக்கினார்கள். போர்வையை விலக்கியதும் காதுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது ஒரு நாலு சேனல் ரிசீவர், பாட்டை நாலு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்த அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கல்யாணமான புதிதில் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு காலத்தில் கம்பெனிக்காரர்கள், மனிதனுக்கு இரண்டே காது என்பதைக் கவனிக்காமல், அறையின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு விற்கப் பார்த்தார்கள். குவாட்ராஃபோனிக் என்று அதற்கு வாய்க்குள் நுழையாத பெயர். ஜனங்களின் வீட்டில் அத்தனை மூலை காலியாக இல்லாததால் வியாபாரம் படுத்துவிட்டது. காதுக்காரர் அப்போது இரண்டு ஸ்பீக்கரை மாட்டி இரண்டு மாதம் கேட்டார். பிறகு மகள் பிறந்தாள், குழந்தை தூங்க வேண்டும் என்றார்கள், பெட்டி பரணுக்குப் போனது. அந்த மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் புருஷன் கையாலேயே அது இப்போது இறங்கியிருக்கிறது.

தேக்கு நிறப் பெட்டி. முகப்பில் நாலு முள் மீட்டர்கள், நாலு மூலைக்கு நாலு. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி. கியர் கம்பி மாதிரி எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்த மூலையில் சத்தம் கூடும். ரேடியோ ரிப்பேர்காரர் வந்து உள்ளே இருந்த தூசியை ஊதினார், வீங்கிப்போயிருந்த நாலைந்து கெப்பாசிட்டரை மாற்றினார், சுவிட்சுகளுக்கு மருந்து அடித்தார். பிளக்கைச் செருகியதும் டயல் பச்சையாக எரிந்தது. "இந்த மாதிரி இப்ப யாருங்க செய்யறாங்க?" என்றார் ரிப்பேர்காரர். அவர் எல்லா வீட்டிலும் எல்லாப் பெட்டிக்கும் அதைத்தான் சொல்வார். காதுக்காரருக்கோ அது தன்னைச் சொன்ன மாதிரியே இருந்தது.

அடுத்த வாரம் கூடத்தில் கூத்து ஆரம்பித்தது. ரிப்பேர்காரரிடமே நாலு ஸ்பீக்கரும் ஒரு ரெக்கார்டு பிளேயரும் வாங்கி, நாலு மூலைக்கும் டேப் பிடித்து அளந்தார். சோபா படுக்கையறைக்குப் போனது, சாப்பாட்டு மேஜை நடையில் போய் நின்றது, மனைவி அன்றிலிருந்து பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டாள். அறைக்கு நட்டநடுவே தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் ஒரு பழைய சுழல் நாற்காலியை வைத்தார். இந்த இயந்திரத்தில் விசேஷமே அதுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் முழுச் சங்கீதம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு மூலை. குடும்பத் தலைவர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த சாமான் என்று தோன்றும்.

பெட்டியோடு ஒரு பரிசோதனை இசைத்தட்டும் வந்திருந்தது. அதில் பூட்ஸ் போட்ட ஒருவன் அறையைச் சுற்றி நடப்பான். முன் இடதில் கிளம்பி, முன் வலதுக்கு வந்து, பின் வலது, பின் இடது என்று ஒரு சுற்று. காதுக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பூட்ஸ்காரன் எங்கிருந்து கிளம்பினான் என்றே சரியாகத் தெரியவில்லை. வலது பக்கம் வந்ததும் டக் டக் என்று கம்பீரமாக நடந்தான், பின் வலதைத் தாண்டினான், அதோடு ஆளைக் காணோம். இடது பின்மூலையில் கிணறு இருந்து அதில் விழுந்துவிட்டான் போல.

"லெஃப்ட் பின்னாடி சேனல் அவுட்டு" என்று அந்த நிமிடமே தீர்ப்புச் சொன்னார்.

ரிப்பேர்காரர் மறுபடி வந்தார். மீட்டரைக் காட்டினார். "சார், நாலு முள்ளும் ஒரே அளவுக்கு ஆடுது பாருங்க."

"முள்ளு பொய் சொல்லுது."

ரிப்பேர்காரர் முன்னால் இருந்த ஸ்பீக்கரைப் பின்னால் மாட்டினார், பின்னால் இருந்ததை முன்னால் மாட்டினார், வயரை மாற்றினார். இடது பின்மூலை செத்தே கிடந்தது. நாலாவது தடவை கூப்பிட்டபோது அவருக்கு வெளியூரில் வேலை வந்துவிட்டது. காதுக்காரர் குச்சியை இடது பின்மூலைக்கு முட்டும் வரை தள்ளிவைத்தார். அதன் பிறகு பூட்ஸ்காரன் அந்த மூலையில் ஏதோ பஞ்சு மேல் நடப்பதுபோல மெல்லக் கேட்டான். அந்தச் சுவருக்கு அப்பால் குடியிருந்த பக்கத்து வீட்டுக்காரர், தினமும் சாயங்காலம் தன் தலைமாட்டில் யாரோ பூட்ஸ் காலோடு ஏறி இறங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரம் இல்லையென்றால் அறை. சுவரில் எங்கோ குழி இருக்கிறது, சத்தத்தை அது விழுங்குகிறது என்று இடது சுவரின் திரையைக் கழற்றினார், காலண்டரைக் கழற்றினார், கடைசியில் சுவர்க் கோணத்தையே மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். மனைவி நடையில் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். நல்ல வேளையாக அவரது இடது பக்கம் நின்று சொன்னாள்.

அறையும் இல்லையென்றால் ஆட்கள். மருமகனை நாற்காலியில் உட்காரவைத்து இசைத்தட்டை ஓடவிட்டார். குச்சி முட்டத் தள்ளியிருந்ததால் பூட்ஸ்காரன் நேராக மருமகனின் இடது காதுக்குள்ளேயே ஏறி மிதித்தான். அவன் நாற்காலியோடு துள்ளினான்.

"எப்படி மாப்பிள்ளை? நாலு பக்கமும் சமமா வருதா?"

"பிரமாதம் மாமா. சமமோ சமம்" என்றான் மருமகன், காதைத் தேய்த்துக்கொண்டே. மாமனார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை நிம்மதியாகக் கழிக்க விரும்பும் மருமகன் வேறென்ன சொல்வான்?

"சமமா? இடது பின்னாடி ஒண்ணுமே வரல, உங்களுக்குச் சமமாக் கேக்குதா?" காதுக்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்போதும் காதில் எதையாவது செருகிக்கொண்டு திரிகிறார்கள், காது கெட்டுப்போகாமல் என்ன செய்யும்? அதே சோதனையை மனைவிக்கும் வைத்தார். "எல்லாம் கேக்குது, அந்த மூலை மட்டும் கத்துது" என்றாள். அவளுக்கும் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் காது டாக்டரிடம் அனுப்பினார். அவர் கூடப் போகவில்லை. அவருக்கு எதற்கு?

இரண்டு பேரும் ஆளுக்கொரு வரைபடத்தோடு திரும்பினார்கள். மனைவிக்கு இருபது வயதுக்காரியின் காது என்று டாக்டர் எழுதியிருந்தார். "இந்த வீட்ல ஒருத்தருக்காவது கேக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். காதுக்காரர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டரின் மெஷின் பழசாக இருக்கும் என்றார்.

அப்புறம் ஒரு சாயங்காலம். மகள் போன் செய்திருந்தாள். மனைவி கையில் போனோடு கூடத்து வாசலுக்கு வந்து, "என்னங்க, உங்ககிட்ட பேசணுமாம்" என்றாள். வாசல் அவருக்கு இடது பக்கம் பின்னால் இருந்தது. பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். இசைத்தட்டில் பூட்ஸ்காரன் நடந்துகொண்டிருந்தான். அவள் பொறுமை இழந்து, நேராக வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். சுழல் நாற்காலிதானே, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அரை வட்டம் சுழன்று அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பூட்ஸ்காரன் செத்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தான். இப்போது அந்த மூலை அவருக்கு முன்னால், வலது பக்கம் இருந்தது. குச்சியோ அதன் பக்கம் முட்டத் தள்ளியிருந்தது. டமார் டமார் என்று மிதித்த மிதியில் காதுக்காரர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்து மூன்று வருட மெக்கானிக். பழுது எங்கே என்று தேடும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். இசைத்தட்டை முதலிலிருந்து வைத்தார். நாற்காலியைக் கால் வட்டம் திருப்பினார். செத்த மூலையும் கால் வட்டம் நகர்ந்தது. மறுபடி கால் வட்டம். அதுவும் கூடவே வந்தது. எந்த வண்டியை ஓட்டினாலும் அதே சத்தம் என்று புகார் சொல்லும் ஓட்டுநர்களிடம், "அப்போ சத்தம் வண்டியில இல்லப்பா, உன் கால்ல" என்பார் அவர். இப்போது அதை அவருக்கே சொல்ல வேண்டியிருந்தது. மனைவி போனில், "அப்புறம் பேசறோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் உள்ளங்கையால் வலது காதை இறுக்கிப் பொத்திக்கொண்டார். "ஏதாவது பேசு" என்றார்.

அவள் வாய் அசைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவது மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

கையை எடுத்தார். "என்ன சொன்ன?"

"மூணு வருஷமா தெருவுல நான் உங்களுக்கு வலது பக்கமாத்தான் நடக்கறேன், கவனிச்சீங்களான்னு கேட்டேன்."

அவர் கவனிக்கவில்லை. கட்டிலில் இடம் மாறிப் படுத்ததை, கதவுக் காற்று என்று அவள் சொன்ன காரணத்தை, எதையும் கவனிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங்க சொல்றது? ஊரே உங்களை அந்தக் காதை வச்சுத்தான் கூப்பிடுது."  அழுகை வருகிற மாதிரி இருந்தது; அவளுக்கு அழ நேரமில்லாததால் குச்சியை நடுவுக்குத் தள்ளினாள். அவர் எழுந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். ஏதோ ஒரு வாத்திய இசைத்தட்டைப் போட்டார். அந்தப் பெட்டியின் நாலு ஸ்பீக்கரையும் ஒழுங்காகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். கொஞ்ச நேரம் நாலு மூலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுக்கா சாப்பாட்டு மேஜையை நடையில போட்டீங்க?" என்றாள்.

அவருக்கு அது காதில் ஏறவில்லை, வலது காதில்கூட. வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. மூன்று வருடம். அத்தனைக்கும் தலையாட்டியவர் அவர். பயம் என்றால் என்னவென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஒரு முழுத் தாளில், தம் இடது காது பழுதடைந்துவிட்டது என்றும், வேறொருவர் கேட்டுச் சரிபார்க்காமல் தம் கையெழுத்தை ஏற்க வேண்டாம் என்றும் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் முதல் வரியைப் படித்ததுமே தாளைக் கவிழ்த்துவைத்தார்.

"இது எனக்குத் தெரியுமே அண்ணே" என்றார்.

"தெரியுமா?"

"தெரிஞ்சா பரவாயில்ல. எழுத்துல குடுத்தாத்தான் தப்பு. நீங்க குடுத்தா நான் படிக்கணும். படிச்சா மேல அனுப்பணும். அனுப்பினா நீங்க கையெழுத்துப் போட்ட வண்டியையெல்லாம் திரும்பக் கூப்பிடச் சொல்லுவாங்க. அப்புறம் ரூட்ல எந்த பஸ்ஸை விடறது?" தாளை அவரிடமே நீட்டினார். "இன்னும் எட்டு மாசம்தானே சர்வீஸ்? அதுவரைக்கும் கேட்ட மாதிரியே இருங்க."

காதுக்காரர் தாளை மடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஃபிட்டர் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருடமாக அவரோடு வேலை பார்ப்பவன், தலை நரைக்க ஆரம்பித்தவன். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"எத்தனை வண்டிப்பா?" என்றார்.

அவன் எந்த வண்டி என்று கேட்கவில்லை. "பதினொண்ணுண்ணே."

"எப்படித் தெரியும்?"

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போனதும் நான் ஒருவாட்டி கம்பியை வச்சுப் பார்ப்பேன். பழுது இருந்தா சரி பண்ணிட்டு அனுப்பிடுவேன்."

"எல்லாமே இங்கயே நின்னுடுச்சா? ஒண்ணாவது ரோட்டுக்குப் போச்சா?"

ஃபிட்டர் துணியை மடித்தான், பிரித்தான். "ரெண்டு போச்சுண்ணே. நான் லீவுல இருந்தப்ப. ஒண்ணு டவுன்லயே நின்னுடுச்சு. இன்னொண்ணு மலையிறக்கத்துல இன்ஜின் ஜாம் ஆச்சு. டிரைவர் கெட்டிக்காரர், ஓரமாக் கொண்டுவந்து நிறுத்திட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

காதுக்காரர் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.  கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாததால் எதிரே நின்றவன் மேல் வந்தது.

"இத்தனை நடந்திருக்கு. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"சொன்னேன்ணே" என்றான் ஃபிட்டர். "லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீங்க சரி சரின்னு தலையாட்டினீங்க."

"பொய் சொல்லாத. எப்ப சொன்ன?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தான். "நேரா நின்னு சொல்லத் தைரியம் வரலண்ணே. இடது பக்கமா நின்னு சொன்னேன்."

காதுக்காரருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு மேனேஜர் திருப்பிக் கொடுத்த தாளை முழங்கால் மேல் வைத்து நீவினார். மேலே மேனேஜருக்கு என்று இருந்ததை அடித்துவிட்டுத் தலைமை அலுவலகத்தின் விலாசத்தை எழுதினார். கீழே பாதித் தாள் காலியாக இருந்தது.

"இந்தப் பக்கம் வா" என்று ஃபிட்டரை வலது பக்கம் வரச் சொன்னார். "பதினொண்ணும் நம்பரோட சொல்லு."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான், அவர் ஒவ்வொன்றாக எழுதினார். மலையிறக்கத்து வண்டி ஏழாவதாக வந்தது. அதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். முதல் தடவையே சரியாகத்தான் கேட்டிருந்தது.